கீமோவும் கரண்டும் ஒரே நேரத்தில்: அப்பச்சி உடம்பு தாங்குமா?

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, வயது 59. நாலு மாதமாகச் சோறு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர் என்று ஓட்டிவிட்டோம். இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. எடை 64 கிலோவிலிருந்து 55க்கு வந்துவிட்டது. மதுரையில் எண்டோஸ்கோப்பி செய்ததில் உணவுக்குழாயில், முன்பல்லிலிருந்து அளந்தால் 27 சென்டிமீட்டரில் கட்டி என்றார்கள். பயாப்ஸியில் ஸ்குவாமஸ் வகை, அதாவது குழாயின் உள்தோல் செல்லில் தொடங்கும் புற்று. பெட் ஸ்கேனில் கட்டியை ஒட்டி நெஞ்சுக்குள் இரண்டு நெறிக்கட்டிகள், வேறெங்கும் இல்லை. "நோய் அட்வான்ஸ்டு. உடனே ஆபரேஷன் வேண்டாம். கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது, ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொல் என்கிறார் அம்மான். முற்றிப்போனதை ஏன் நோண்ட வேண்டும், நாட்டு மருந்து கொடுப்போம் என்கிறார்கள் பங்காளிகள். தை மாதம் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணச் சாந்தி வைத்திருக்கிறோம். அதற்காக ஒரு வாரம் ரேடியேஷனை நிறுத்தலாமா? அப்பச்சியிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, டாக்டர்.

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, பெட் ஸ்கேன் பற்றியது. கட்டியும் அதை ஒட்டிய நெறிக்கட்டிகளும் நெஞ்சுக்குள்ளேயே இருக்கின்றன. கல்லீரல், நுரையீரல், எலும்பு எங்கும் பரவவில்லை. டாக்டர் அட்வான்ஸ்டு என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கடைசிக் கட்டம் என்று எடுத்துக்கொண்டது தெரிகிறது. அப்படி இல்லை. கட்டி இருந்த இடத்தில் ஆழமாக வளர்ந்திருக்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகளைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்கு. குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரக்கூடிய நிலை இது. அதற்குத்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்கிறார் உங்கள் டாக்டர். வலியை மட்டும் குறைத்து அனுப்புவது நோக்கமாக இருந்தால் இவ்வளவு கடுமையான திட்டத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

நான் கதிர்வீச்சு மருத்துவன். நம் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிற டாக்டர்' என்பார்கள். அம்மான் கேட்ட கேள்வியை வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்க நியாயமான கேள்விதான். கீமோ தனி வேதனை, ரேடியேஷன் தனி வேதனை, ஒவ்வொன்றாகத் தாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

ரேடியேஷன் புற்று செல்லின் மரபுப் பொருளான டிஎன்ஏவை உடைக்கிறது. உடைந்ததை அந்தச் செல் அடுத்த சில மணி நேரத்தில் ஒட்டிச் சரிசெய்யப் பார்க்கும். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் அந்த நேரத்தில் ரத்தத்தில் இருந்தால் அந்த வேலையைக் கெடுக்கும். பகலில் இடித்த சுவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கட்ட வரும் கொத்தனாரை வாசலிலேயே மறித்து நிறுத்துவது மாதிரி. கீமோவை முன்னாலேயே முடித்துவிட்டு ரேடியேஷனைப் பின்னால் கொடுத்தால் இந்தக் கூட்டு வேலை நடக்காது. இன்னொன்று, ரேடியேஷன் நாம் காட்டிய இடத்தில் மட்டுமே வேலை செய்யும். ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் கிளம்பிய செல் இருந்தால் அதைத் தேடிப் போவது கீமோதான்.

இது அனுமானமல்ல, ஆளை வைத்துப் பார்த்த கணக்கு. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ரேடியேஷன் மட்டும், 64 கிரே அளவு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). இன்னொரு பிரிவினருக்கு அதைவிடக் குறைவாக 50 கிரே, கூடவே சிஸ்பிளாட்டினும் ஃபுளூரோயுராசிலும். 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சேர்த்து வாங்கியவர்களில் 100க்கு 26 பேர் உயிரோடு இருந்தார்கள். ரேடியேஷன் மட்டும் வாங்கியவர்களில் ஒருவரும் இல்லை. 1999இல் வெளியான முடிவு இது. 26 என்பது பெரிய எண் அல்ல, தெரியும். ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெட் ஸ்கேனும் இல்லை, இன்றைய துல்லியமான கருவிகளும் இல்லை. அப்புறம், சேர்த்துக் கொடுக்கும்போது ரேடியேஷன் அளவை 64க்கு மேல் ஏற்றினால் இன்னும் நல்லதோ என்றும் ஆராய்ந்தார்கள். பலன் கூடவில்லை. எனவே "கரண்ட் கொஞ்சம்தான் வைக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

2012இல் நெதர்லாந்திலிருந்து கிராஸ் என்ற ஆய்வு வந்தது. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான மருத்துவர்கள் பின்பற்றும் முறைக்கு அதுதான் அடிப்படை. அறுவைக்கு முன்னால் 23 நாள் ரேடியேஷன், மொத்தம் 41.4 கிரே, வாரம் ஒரு முறை என 5 வாரம் கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும். நேரடியாக அறுவைக்குப் போனவர்களின் ஆயுளில் நடுக்கணக்கு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 24 மாதம். இந்தச் சிகிச்சை வாங்கி அறுவைக்குப் போனவர்களுக்கு 49 மாதம். உங்கள் அப்பச்சிக்கு இருக்கும் ஸ்குவாமஸ் வகைதான் இதில் நன்றாகக் கரைந்தது. அந்த வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அறுவையில் எடுத்த குழாயை நுண்ணோக்கியில் தேடியும் ஒரு புற்று செல்கூட மிஞ்சியிருக்கவில்லை.

வாராவாரம் தரும் கீமோ அளவும் தனிக் கீமோ அளவைவிடக் குறைவு. அம்மானிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு முழு மூட்டையையும் ஒரே தோளில் ஏற்றுவதில்லை.

இனி தினசரி நடப்பதைச் சொல்கிறேன். நோயாளிகள் பயப்படுவது பெரும்பாலும் அந்த அறையை நினைத்துத்தான். முதலில் திட்டமிடும் சிடி ஸ்கேன். படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து, உடம்பின் வடிவத்துக்கே அமையும் ஒரு மெத்தையோ அச்சோ செய்து, நெஞ்சில் மூன்று இடத்தில் சின்னப் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளிதான் மறுநாளிலிருந்து வழிகாட்டி. மையில் வைத்திருந்தால் தேய்த்துக் குளிக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கிய பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை தினம் போக வேண்டும். கனமான கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே கேமராவும் மைக்கும் உண்டு. அப்பச்சி கையைத் தூக்கினாலே வெளியில் தெரியும், பேசினாலும் கேட்கும். இயந்திரத்தின் தலை அவரைச் சுற்றி மெதுவாகச் சுழலும், ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும். சூடு இல்லை, சுடாது, வலிக்காது. கால் மணி நேரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிடலாம். வெளியே வந்தவர் உடம்பில் கரண்ட் தங்காது. பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம், தனித் தட்டு, தனி அறை ஒன்றும் வேண்டாம். இதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கஷ்டம் வருவது இரண்டாவது வாரக் கடைசியிலிருந்து. உணவுக்குழாயின் உள்தோல் வெந்து போன மாதிரி ஆகும். அதுவரை கஞ்சி இறங்கியவருக்கு எச்சில் விழுங்கினாலே எரியும். இந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் "பார்த்தீர்களா, சொன்னோமே, நோய் கூடிவிட்டது" என்று சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. நோய் கூடவில்லை. அது சிகிச்சையின் புண். ரேடியேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆறத் தொடங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க, புண்ணை மரத்துப்போக வைக்கும் ஒரு கரைசல், வலிக்குத் தேவைப்பட்டால் மார்ஃபின் வரை எல்லாம் இருக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் சாப்பாடு நிற்கும். சாப்பாடு நின்றால் சிகிச்சை நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 64இலிருந்து 55க்கு வந்தவர் இன்னும் இறங்கினால் எந்த மருத்துவரும் கீமோவைத் தொடரத் தயங்குவார். இப்போதைய எடைக்கு அப்பச்சிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரி வேண்டும், 65 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். கஞ்சித் தண்ணீரில் இதில் பாதிகூட வராது. உறவினர் வந்து பார்க்கும்போதெல்லாம் ஆட்டுக்கால் சூப் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், ஆனால் சத்து பெரும்பாலும் வடிகட்டிய தண்ணீரில் இல்லை, கீழே நிற்கும் கறியில் இருக்கிறது. கறியை நன்றாக வேகவைத்து அதே சூப்பில் மிக்ஸியில் அரைத்து வடிகட்டிக் கொடுங்கள். மிளகு, மிளகாய், புளி மூன்றையும் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிடுங்கள். செட்டிநாட்டுச் சமையலறையில் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்று எனக்குத் தெரியும்! மண்டிக்கும் பிரட்டலுக்கும் இன்னும் சில மாதம் விடுமுறை. கவுனி அரிசி ஒட்டும் தன்மையுள்ளது, கட்டி இருக்கும் இடத்தில் அப்பிக்கொள்ளும். அதுவும் இப்போது வேண்டாம்.

ஆனால் கும்மாயம் இருக்கிறதே, அது இந்த நோயாளிக்கென்றே செய்த பண்டம். உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். புரதமும் கலோரியும் ஒரே கிண்ணத்தில். வழக்கமான பதத்தில் அல்ல, பால் ஊற்றி நீர்க்கக் கரைத்து, கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்தில் இளஞ்சூடாகக் கொடுங்கள். அப்பச்சிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டி அளவை மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாக வெந்த முட்டையைப் பாலோடு அடித்துக் கொடுக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மூன்று வேளைக் கணக்கை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் என்று வையுங்கள். உட்கார்ந்து குடிக்கட்டும், குடித்து அரை மணி நேரம் படுக்க வேண்டாம். சூடாக எதுவும் வேண்டாம். ஆவி பறக்கக் குடிக்கும் காபியும் இதில் அடக்கம்.

இவ்வளவு செய்தும் வாய் வழியாகப் போதவில்லை என்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் போடுவார்கள், அல்லது சிறுகுடலில் சின்ன அறுவை செய்து குழாய் வைப்பார்கள். "குழாய் போட்டால் அவ்வளவுதான்" என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் அனுபவத்தில், தேவைப்பட்ட நேரத்தில் தயங்காமல் குழாய் போட்டுக்கொண்டவர்கள்தான் சிகிச்சையை நாள் தவறாமல் முடிக்கிறார்கள். விழுங்குவது சீரானதும் எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பின்னால் அறுவை செய்யும்போது இரைப்பையையே மேலே இழுத்துப் புது உணவுக்குழாயாக்குவார்கள். அதனால் இரைப்பையில் துளையிட்டுக் குழாய் வைக்க யாராவது சொன்னால், அறுவை மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். கட்டிக்குள் வழி திறக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைப்பதும் இந்தச் சிகிச்சைக்கு முன்னால் பொதுவாகத் தவிர்க்கப்படுவது.

சாந்தி. ஒரு வாரம் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ரேடியேஷனை நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் புற்று செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். விட்ட நாளைப் பிறகு சேர்த்துக் கொடுத்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாது. ஆனால் சனியும் ஞாயிறும் ரேடியேஷன் கிடையாது. நாள் பார்த்ததில் அந்த இரண்டு நாளில் ஒன்று அமைந்தால், வீட்டோடு எளிமையாகத் தாலி கட்டும் சடங்கை முடித்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்கு இலை போடும் சாந்தி வேண்டாம். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ஆளாளுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, கன்னத்தைத் தடவிப் போனால் காய்ச்சல் வாங்கிவிடுவார். பெரிய விருந்தைச் சிகிச்சைக்கெல்லாம் பிறகு வைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சாந்திக்காகச் சிகிச்சை தொடங்கும் தேதியைத் தள்ளுவது அதைவிட மோசம். நாலு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

பள்ளத்தூரிலிருந்து மதுரைக்குத் தினம் போய் வருவதும் வேண்டாம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, இடையில் வாந்தி. ஐந்து வாரத்துக்கு மதுரையிலேயே உறவினர் வீடோ விடுதியோ பார்த்துக்கொள்ளுங்கள். சமைக்க ஓர் அடுப்பு இருந்தால் போதும். செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ, ரேடியேஷன் இரண்டும் வரும். அந்த அட்டை வேலை செய்யும் மருத்துவமனைதானா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

பங்காளிகளின் நாட்டு மருந்து யோசனைக்கு என் பதில் சுருக்கமானது: இந்த ஐந்தாறு வாரத்தில் வேண்டாம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வருத்தும் மருந்து. அதன் மேல் என்ன கலந்தது என்று தெரியாத லேகியமும் பஸ்பமும் போனால் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறும், கீமோவை நிறுத்த வேண்டிவரும். வருகிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், சண்டை போட வேண்டாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் அடங்குவார்கள்.

அல்சர் என்று சொல்லி வைத்திருப்பது இனி ஓடாது. தினம் புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்காரப் போகிறவர் அவர். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். இவ்வளவு எரிச்சலை எதற்காகத் தாங்குகிறோம் என்று தெரியாதவர் மூன்றாவது வாரத்தில் "எனக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போவோம்" என்பார். ஆத்தாவும் நீங்களும் உடன் இருக்க, டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். கட்டி என்று தொடங்கி, இன்ன சிகிச்சை, இத்தனை நாள், இன்ன நோக்கம் என்று சொன்னால் போதும். அவர் கேட்காத எண்ணிக்கைகளை அவர் முன் வைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குப் பாதி முன்பே தெரிந்துதான் இருக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறவர் என்றால், சிகரெட்டானாலும் சரி, இன்றோடு நிறுத்த வேண்டும். குற்றம் சொல்வதற்காக அல்ல. சிகிச்சையின் போது தொடர்ந்தால் புண் ஆற நாளாகும், நுரையீரல் சிக்கல் கூடும், வாயிலும் தொண்டையிலும் இன்னொரு புற்று வர வாய்ப்பும் இருக்கிறது. அதனால் வாயையும் தொண்டையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுப்பார்கள். கட்டி மிச்சமிருந்து உடம்பு தேறியிருந்தால் அறுவை. அறுவை வேண்டாம் என்று முதலிலேயே முடிவானால் ரேடியேஷன் 50.4 கிரே வரை, 28 நாளுக்குப் போகும். ஸ்குவாமஸ் வகையில் கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்கு, அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆயுள் பெரிதாக மாறவில்லை என்று ஃபிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. அறுவை செய்யாதவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது மட்டும் கூடுதல். எனவே அது திறந்த கேள்விதான். அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய முடிவா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இதே பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட் ஸ்கேனில் கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவியிருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே விழுங்க வைப்பதுதான் முதல் வேலை. சில நாள் ரேடியேஷனோ ஸ்டென்ட்டோ போதும், கீமோவைத் தனியாக யோசிக்கலாம். அந்த நிலையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வந்தது. விழுங்குவதில் குறிப்பிடும்படி கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஆகவே ஆச்சி வீட்டு அப்பச்சிக்குக் கொடுத்தார்களே, எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. 27 சென்டிமீட்டர் என்பது மூச்சுக்குழாயின் இடது கிளை உணவுக்குழாயை உரசிப் போகும் இடம். கட்டி மூச்சுக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்துவிட்டுத்தான் ரேடியேஷன் தொடங்க வேண்டும். செய்திருக்கிறார்களா என்று அடுத்த முறை போகும்போது முதலில் அதைக் கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போது தண்ணீர் குடித்தவுடன் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், ரத்த வாந்தியோ கறுப்பாக மலமோ போனால், எச்சில்கூட இறங்காமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.